கிளட்ச்: இடது காலுக்கு ஒரு பாடம்

வானொலியில் சாலை நெரிசல் அறிவிப்பு வாசிப்பது என் வேலையில் ஒரு பகுதி. எந்த விரைவுச்சாலையில் எத்தனை கிலோமீட்டருக்கு வாகனங்கள் நகராமல் நிற்கின்றன, எங்கே விபத்து, எந்தப் பக்கம் சுற்றிப் போகலாம் என்று மற்றவர்களுக்குத் தினமும் சொல்கிறவள் நான். அப்படிப்பட்ட நானே ஒரு மதிய வேளையில், எங்கள் தாமான் வாசலில் உள்ள சின்ன மேட்டில், காரை நகர்த்தத் தெரியாமல் நின்றேன்.

அன்று என் கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. அப்பாவின் பழைய சாகாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மேனுவல் கார். என்னிடம் 'டி' லைசன்ஸ் இருக்கிறது. பதினெட்டு வயதில் கஞ்சிலில் பழகி, மேட்டுப் பரீட்சையிலும் முதல் தடவையே தேறியவள். ஆனால் வேலைக்குச் சேர்ந்து சொந்தக் கார் வாங்கியதிலிருந்து ஓட்டோதான். பத்து வருடத்துக்கு மேல் என் இடது காலுக்கு வேலையே இல்லை.

தாமானிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் அந்த இடம் நல்ல மேடு. பள்ளி விடும் நேரம். எனக்கு முன்னால் நான்கு கார்கள். ஒவ்வொன்றாக நகர, நானும் ஏறிக்கொண்டே போனேன். கடைசியில் என் முறை வந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து எண்ணெய் மிதிப்பதற்குள் கார் பின்னால் நழுவியது. பதறிப்போய்க் கிளட்ச்சைச் சட்டென்று விட்டேன். ஒரு குலுங்கு குலுங்கி எஞ்சின் அணைந்தது. கார் மறுபடியும் பின்னால் போனது. கண்ணாடியில் பார்த்தால், ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டி வந்தவருக்கு முன்னால், பள்ளிச் சீருடையில் ஒரு சின்னப் பையன்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்த இழுப்பில் என் தோள்பட்டை வலித்தது. கார் நின்றது. அவருடைய முன்சக்கரத்துக்கும் என் பம்பருக்கும் இடையே ஒரு சாண் இருந்திருக்கும். அவர் ஹார்ன்கூட அடிக்கவில்லை. இரண்டு காலையும் ஊன்றி, பையனை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, என்னையே பார்த்தார். அந்தப் பார்வை இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஹேண்ட் பிரேக் இழுத்தியா பாப்பா?"

"இழுத்தேன்பா. கடைசியிலதான்."

"கடைசியில இழுக்கிறதுக்கு இல்ல அது. மேட்டுல நின்னா, மொதல்லயே இழுக்கணும். ஞாயித்துக்கிழம காலையில வா, சொல்றேன்."

உள்ளே நடப்பது என்ன?

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பந்து விளையாடும் திடலை ஒட்டிய காலி கார் நிறுத்துமிடத்தில் என் பாடம் தொடங்கியது. சாவியைத் தொடுவதற்கு முன்பு அப்பா தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடு ஒன்று அழுத்திக் காட்டினார்.

"இந்தக் கை எஞ்சினு. சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். இந்தக் கை கியர்பாக்ஸு, சக்கரம். ரெண்டும் இப்படி ஒட்டியிருந்தா காடி ஓடும். கிளட்ச்ச மிதிச்சா ரெண்டும் விலகிடும். அவ்வளவுதான் கிளட்ச்சு."

பரீட்சைக்காக நான் மனப்பாடம் செய்த எந்த விளக்கத்தைவிடவும் இது எளிதாக இருந்தது. உண்மையில் நடப்பதும் இதுதான். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கிறது. அதை ஃப்ளைவீல் என்பார்கள். அதன் மீது உராய்வுப் பூச்சு கொண்ட வட்டத் தகடு ஒன்றை, ஸ்பிரிங்கின் பலத்தோடு இன்னொரு தகடு அழுத்திப் பிடித்திருக்கிறது. காலை எடுத்தால் பிடி இறுகும். எஞ்சினின் சக்தி சக்கரத்துக்குப் போகும். மிதித்தால் பிடி விடும். எஞ்சின் தனியாகச் சுற்றும்.

கார் நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கும். சக்கரமோ அசையாமல் நிற்கிறது. இரண்டையும் ஒரே நொடியில் சேர்த்துவிட்டால் நிற்கிற சக்கரம் எஞ்சினையும் நிறுத்திவிடும். அதனால்தான் கார் குலுங்கி அணைகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால், தகடு சற்றே வழுக்கி, வழுக்கி, பிறகு முழுப் பிடிக்கு வரும். அந்த வழுக்கும் இடம்தான் ஹாஃப் கிளட்ச்.

காரைக் கிளப்புவதும் அந்த இடம்தான், கிளட்ச் தேய்வதும் அந்த இடத்தில்தான். முழுவதும் மிதித்திருக்கும்போது தகடு தேயாது. முழுவதும் விட்டிருக்கும்போதும் தேயாது. நடுவில் தொங்கும்போதுதான் உராய்ந்து, சூடாகி, கருகுகிறது. ஆகவே ஹாஃப் கிளட்ச் என்பது கடந்து போக வேண்டிய இடம்; தங்கும் இடமல்ல. அன்று நான் கற்ற மற்றதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வந்ததுதான்.

எண்ணெய் மிதிக்காதே!

முதலில் இருக்கையைச் சரிசெய்யச் சொன்னார் அப்பா. கிளட்ச்சைத் தரை வரை மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டுவிட்டால் மெதுவாக விடும் கட்டுப்பாடு போய்விடும். அடுத்து என் காலைப் பார்த்தார். ஜப்பான் சிலிப்பர்!

"கழட்டிட்டு சப்பாத்து போட்டுட்டு வா. மிதிக்கிறப்ப நழுவிச்சுன்னா யாரைக் கேக்கிறது?"

அடுத்து அவர் கொடுத்த பயிற்சி எனக்கு வியப்பாக இருந்தது. வலது காலைத் தரையில் வைத்துவிட வேண்டும். சமதரையில், எண்ணெயே மிதிக்காமல், கிளட்ச்சை மட்டும் மெல்ல விட்டுக் காரை நகர்த்த வேண்டும். முதல் மூன்று தடவையும் அணைந்தது. நான்காவது தடவை, நத்தை மாதிரி கார் ஊர்ந்தது. "நிறுத்து. மறுபடியும்." நிறுத்தினேன். மறுபடியும். இருபது தடவைக்கு மேல் ஆகியிருக்கும்.

இந்தப் பயிற்சியின் பலன் அப்போதுதான் புரிந்தது. எண்ணெய் மிதிக்கும் வசதி இருந்தால் கால் ஏமாற்றும். எஞ்சினை உறும விட்டு எப்படியாவது கிளம்பிவிடலாம். அது இல்லாதபோது, பிடி விழும் இடத்தைக் கால் தேடிக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனக்கும். ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் வரும். அங்கே ஒரு நொடி காலை அப்படியே வைத்திருந்து, கார் உருளத் தொடங்கியதும் மீதியை விட வேண்டும். ஒவ்வொரு காரிலும் அந்த இடம் வேறு. நண்பரின் காரையோ கம்பெனி வேனையோ முதன்முறை எடுக்கும்போது, சாலைக்குப் போகுமுன் இரண்டு தடவை இப்படிச் செய்து பாருங்கள், கால் தெரிந்துகொள்ளும்.

மேட்டில் பயமில்லை

அடுத்து, என்னைப் பயமுறுத்திய அதே மாதிரி ஒரு மேடு. அப்பா சொன்ன வரிசை இது.

ஒன்று: நின்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடு. இனிமேல் கார் உன் காலை நம்பி நிற்கவில்லை. பதற்றம் பாதி குறைந்துவிடும்.

இரண்டு: கிளம்பும் நேரம் வந்ததும் கிளட்ச்சை முழுக்க மிதித்து ஒன்றாம் கியர் போடு. எண்ணெய் லேசாக மிதி. எஞ்சின் உறுமக் கூடாது, முனக வேண்டும். மீட்டரில் 1,500 முதல் 2,000 வரை போதும்.

மூன்று: கிளட்ச்சை மெல்ல விடு. சத்தம் கனத்து, முன்னே போகத் துடிப்பது போல் கார் இழுக்கும். அங்கே இடது காலை நிறுத்து.

நான்கு: கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கு. கார் பின்னால் போகாது. எண்ணெயைக் கொஞ்சம் கூட்டி, கிளட்ச்சை முழுக்க விட்டுவிடு.

இதில் பெரும்பாலோர் தவறும் இடம் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே. பிடி விழுமுன்னே ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் கார் நழுவும். பிடி விழுந்த பிறகும் இறக்காமல் எண்ணெயை ஏற்றிக்கொண்டே போனால் தகடு கருகும். காதால் கேட்டு, உடம்பால் உணர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. வானொலியைக்கூட அணைத்துவிட்டுப் பழகுங்கள். சொல்வது நானாக இருந்தாலும் பரவாயில்லை!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேட்டில் வரிசையில் நிற்கும்போது பலர் ஹேண்ட் பிரேக்கும் இழுக்காமல், பிரேக்கும் மிதிக்காமல், ஹாஃப் கிளட்ச்சிலேயே காரை அந்தரத்தில் நிறுத்தி வைப்பார்கள். பார்க்கக் கெட்டிக்காரத்தனம் போல் இருக்கும். ஆனால் அந்த நேரம் முழுக்கக் காரின் எடையைத் தாங்குவது, உராய்ந்துகொண்டிருக்கும் அந்த ஒரு தகடுதான். பேரங்காடி கார் நிறுத்துமிடத்துக்கு ஏறும் சாய்தளத்தில், தீபாவளிக் கூட்டத்தில், பத்து நிமிடம் இப்படி நின்று பாருங்கள். கருகல் வாடை உங்கள் காரிலிருந்துதான் வரும்.

ஃபோர்மேன் காட்டிய தகடு

அப்பாவின் காருக்கு வழக்கமாக வேலை பார்க்கும் ஃபோர்மேனிடம் அந்த வாரம் போனேன். நான் கேட்டதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, மேசைக்குக் கீழே கிடந்த ஒரு பழைய கிளட்ச் தகட்டை எடுத்துக் காட்டினார். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. உராய்வுப் பூச்சு தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் வெளியே தெரிந்தன. ஓரம் நீலம் பூத்திருந்தது.

"இது சூட்டுல வந்த நிறம் தங்கச்சி. ரொட்டி வேன் ஓட்டுற பையனோடது. கால எடுக்கவே மாட்டான்."

கால் எடுக்காமல் ஓட்டுவது என்றால் என்ன என்று விளக்கினார். கியர் மாற்றி முடித்த பிறகும் இடது காலைக் கிளட்ச் மீதே வைத்திருப்பது. அவர்கள் மிதிப்பதில்லை, 'சும்மா' வைத்திருக்கிறார்கள். ஆனால் காலின் எடையே பிடியைச் சற்றுத் தளர்த்தப் போதும். கிலோமீட்டர் கணக்கில் தகடு வழுக்கிக்கொண்டே போகும். கிளட்ச்சுக்கு இடது பக்கம் காலை வைக்க இடம் இருக்கிறது. கியர் மாற்றியதும் கால் அங்கே போய்விட வேண்டும்.

சமிக்ஞை விளக்கில் நிற்கும்போதும் அப்படித்தான். ஒன்றாம் கியர் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடி சிவப்பு மாறும்வரை காத்திருப்பவர்கள் நிறைய. அப்போது தகடு தேயவில்லை என்றாலும், அதை விலக்கிப் பிடித்திருக்கும் பேரிங் தேய்கிறது. ஃப்ரீ கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இரண்டு காலுக்கும் ஓய்வு கொடுங்கள். பின்னால் யாராவது லேசாக இடித்தாலும் கார் முன்னே பாயாது.

நெரிசலில் என்ன செய்வது? முன்னால் உள்ள கார் ஒரு மீட்டர் நகர்ந்தால் நாமும் ஒரு மீட்டர் நகர வேண்டும் என்று கட்டாயமில்லை. கொஞ்சம் இடைவெளி விழட்டும். இரண்டு மூன்று கார் நீளம் கிடைத்ததும் ஒன்றாம் கியரில் கிளம்பி, கிளட்ச்சை முழுக்க விட்டு, எண்ணெய் மிதிக்காமல் ஊர்ந்து போங்கள். கால் வலியும் குறையும்.

ஃபோர்மேன் சில அறிகுறிகளையும் சொன்னார். எண்ணெய் மிதித்தால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கருகல் வாடை. கிளட்ச்சை ஏறக்குறைய முழுவதும் விட்ட பிறகே பிடி விழுகிறது. இவை தகடு தேய்ந்ததன் அடையாளம். மிதிக்கும்போது மட்டும் கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். முழுக்க மிதித்தும் கியர் விழ மறுத்தால் கேபிளையோ, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் என்றால் அந்த எண்ணெய் கசிகிறதா என்பதையோ பார்க்கச் சொல்லுங்கள். தகடு மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதனால்தான் தகடு, அழுத்தும் தகடு, பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுகிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, ஆறு மாதத்தில் அடுத்ததற்காக மறுபடியும் இறக்கினால் கூலி இரட்டிப்பாகும்.

இறக்கத்தில் கிளட்ச்சைத் தொடாதே

இதுவரை சொன்னது கிளட்ச்சைக் காப்பாற்ற. இனிச் சொல்வது உயிரைக் காப்பாற்ற.

கெந்திங்கிலிருந்தோ, தாப்பா வழியாகக் கேமரன் மலையிலிருந்தோ இறங்கும்போது, "எண்ணெய் மிச்சம்" என்று ஃப்ரீ கியரில் உருட்டிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். சிலர் வளைவுக்கு வளைவு கிளட்ச்சை மிதித்தபடியே வருவார்கள். இரண்டும் ஒன்றுதான்: எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள பிடி அறுந்துவிட்டது. காரைத் தடுக்க இப்போது பிரேக் மட்டுமே இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் மிதித்தும் பிடிக்காமல் போகலாம்.

கியரில் இருந்தால் எஞ்சினே காரை இழுத்துப் பிடிக்கும். இரண்டாம், மூன்றாம் கியரில் கிளட்ச்சை முழுக்க விட்டு இறங்கினால் பிரேக்குக்கு வேலை குறைவு. எண்ணெய் மிச்சம் என்ற கணக்கும் தப்பு. இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில், கியரில் இருந்தபடி எண்ணெய்க் காலை எடுத்து இறங்கும்போது எரிபொருள் பாய்வது பெரும்பாலும் நின்றுவிடும். ஃப்ரீ கியரில்தான், எஞ்சின் அணையாமல் இருக்க அது எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும்.

"ஏறுன கியர்லயே எறங்கு." பாரம் ஏற்றிய லாரியோடு தோட்டத்து மண்சாலையில் இறங்கிய காலத்தில், மூத்த ஓட்டுநர்கள் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தது. மலைச்சாலைகளில் குறைந்த கியரைப் பயன்படுத்தச் சொல்லும் பலகைகள் சொல்வதும் அதைத்தான்.

நிறுத்தும்போதும் இதே ஒழுங்கு. முதலில் பிரேக். வேகம் நன்றாகக் குறைந்து, எஞ்சின் திணறுவதற்குச் சற்று முன்பு கிளட்ச். தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டதுமே கிளட்ச்சை மிதித்து உருட்டிக்கொண்டு வருவது பரீட்சைப் பயத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். எஞ்சின் அணைந்துவிடுமோ என்ற பயம். பழகினால் போய்விடும்.

இன்னும் எதற்கு மேனுவல்?

என்னோடு வேலை செய்யும் இளையவர்கள் இதைத்தான் கேட்டார்கள். ஓட்டோ மட்டும் ஓட்டும் 'டிஏ' லைசன்ஸ் இருக்கிறதே, நெரிசலில் அதுதானே சுகம்? சுகம்தான், நானும் மறுக்கவில்லை. ஆனால் 'டிஏ' வைத்திருப்பவர் மேனுவல் காரைச் சட்டப்படி ஓட்ட முடியாது. 'டி' எடுத்தவர் இரண்டையும் ஓட்டலாம். இன்னும் எத்தனையோ கடைகளின் வேன்களும் சின்ன லாரிகளும் மேனுவல்தான். பதினெட்டு வயதில் வேலை தேடும் பிள்ளைக்கு அது ஒரு கதவு. வீட்டில் மேனுவல் கார் மட்டும் நிற்கும் இரவில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், அப்போதும் அது ஒரு கதவு.

அதே சமயம், என்னைப் போல் 'டி' லைசன்ஸைப் பர்ஸில் வைத்துக்கொண்டு கால் மறந்துபோனவர்களும் நிறையப் பேர் இருப்பீர்கள். லைசன்ஸ் காலாவதி ஆகாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம். கால் பழக்கத்தை அப்படிக் கவுண்டரில் புதுப்பிக்க முடியாது. நீண்ட நாளுக்குப் பிறகு மேனுவல் எடுக்கிறீர்கள் என்றால், நேரே சாலைக்குப் போகாதீர்கள். காலி இடத்தில் அரை மணி நேரம் போதும். நமக்குப் பின்னால் நிற்பவர், நமக்கு எத்தனை வருடமாகப் பழக்கம் விட்டுப்போனது என்பதை அறியமாட்டார்.

மூன்று ஞாயிறு கழித்து அப்பாவைச் சந்தைக்கு அழைத்துப் போனேன். அதே சாகா, அதே தாமான் மேடு. முன்னால் இரண்டு கார், கண்ணாடியில் ஒரு மோட்டார் சைக்கிள். நின்றதும் ஹேண்ட் பிரேக் இழுத்தேன். என் முறை வந்தது. கிளட்ச், ஒன்றாம் கியர், கொஞ்சம் எண்ணெய். சத்தம் கனத்தது. ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை.

பெருமையாகப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அப்பா ஜன்னல் பக்கம் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர், வேறு யார் ஓட்டினாலும் கண்ணை மூடமாட்டார் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.